அலமாரியில் இருக்க வேண்டிய கணினி

எங்கள் அறையில் அவனுக்கு வைத்தியர் என்று பெயர். வைத்தது நான்தான். நாடி பார்க்கிறவர் மாதிரி விசைப்பலகையின் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, பதில் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பான். பதிலுக்கு அவன் எனக்குத் தூதர் என்று பெயர் வைத்தான். கணினிகளில் ஏதாவது விபரீதம் நடந்தால் மேல்மாடிப் பெரியவர்களிடம் போய்ச் சொல்வதும், அவர்கள் கத்துவதை வாங்கிக்கொண்டு திரும்புவதும் என் வேலை. வாங்கி வந்ததை நான் யாருக்கும் பங்கு போட்டுக் கொடுத்ததில்லை. அந்த நன்றிக்காவது என்னைக் கிண்டல் பண்ணாமல் இருந்திருக்கலாம்.

நாங்கள் இருப்பது ஒரு காப்பீட்டு நிறுவனம். எங்கள் அறை கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாதது. அங்கே உட்கார்ந்தபடியே கட்டடத்தில் உள்ள எந்தக் கணினியிடமும் கேள்வி கேட்கலாம். உனக்குள் யார் பெயரில் நுழைந்திருக்கிறார்கள், இப்போது என்னென்ன ஓடுகிறது, வெளியே எந்த முகவரியோடு பேசிக்கொண்டிருக்கிறாய். ஒரு வரி தட்டினால் போய்ச் சேரும், பதில் வரும். அந்தக் கணினிக்கு முன்னால் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, அவர் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பதில் சரியில்லை என்றால் இன்னொரு வரி. அதைத் தட்டியதும் அந்தக் கணினிக்கு வெளியுலகத்தோடு தொடர்பு அறுந்துபோகும், எங்கள் அறையோடு மட்டும்தான் பேசும். அதைத் துண்டிப்பது என்று சொல்வோம்.

முதலில் துண்டி, பிறகு போன் பண்ணு. இது எங்கள் வழக்கம். முதலில் போன் பண்ணினால் அங்கே இருப்பவர் பதறிப்போய்க் கணினியையே அணைத்துவிடுவார், திருடன் விட்டுப்போன தடயமும் அதோடு போய்விடும். வழக்கத்தில் தப்பு இல்லை. நடந்ததெல்லாம் நடந்த பிறகும் அதைத்தான் சொல்வேன், சொல்லும்போது பற்றிக்கொண்டு வருகிறது என்பது வேறு விஷயம்.

அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாராவது போன் பண்ணி, திரை நின்றுபோச்சு, எழுத்து ஓடுது, ஒன்றுமே நகர மாட்டேங்குது என்று புலம்பினால் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே பதில் சொல்வான். "கொஞ்சம் இருங்க, இப்ப சரி பண்ணிடுறேன்." பெரிய இயக்குநருக்கும் அதே குரல்தான், வரவேற்பில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கும் அதே குரல்தான். கேட்டவர்கள் பாதி நிம்மதி அடைந்துவிடுவார்கள். மீதி பாதி அவன் சரி பண்ணிய பிறகு.

அந்தக் குரல் அவன் அம்மாவிடம் பேசிப் பேசிப் பழகியது. அம்மா தூரத்து ஊரில் அவருடைய தங்கையோடு இருந்தார். கைப்பேசியில் எதையாவது அழுத்தி எங்கேயாவது மாட்டிக்கொள்வார். உடனே மகனுக்குப் போன். மகன் எங்கள் அறையில் இருந்தபடியே அந்தக் கைப்பேசிக்குள் நுழைந்து, பட்டன்களைத் தானாக நகர வைத்துச் சரி செய்வான். திரை தானாக நகர்வதைப் பார்க்க அம்மாவுக்கு அத்தனை ஆசை. "அட, வந்துட்டியா" என்று திரையோடு பேசுவாராம். சாப்பிட்டாயா என்று அதனிடமே விசாரிப்பாராம். வேண்டுமென்றே கெடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடுகிறார் என்பது அவன் அக்காவின் கட்சி. அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். எந்த மனுஷிக்கும் வாரம் தவறாமல் கைப்பேசி கெடாது.

அந்த அக்காவும் எங்கள் கட்டடத்தில்தான் இருந்தார். ஐந்தாவது மாடி, மருத்துவச் செலவுக் கோரிக்கைகளைப் பார்க்கும் பிரிவு. வைத்தியருக்கு மட்டுமல்ல, கட்டடத்துக்கே அவர் அக்காதான். ஜனங்களின் நோய் நொடியெல்லாம் அங்கே கோப்பில் இருப்பதால், கைப்பேசியைத் தரைத்தளப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் அந்த மாடிக்குப் போக வேண்டும். இந்த விதியைப் போட்டது எங்கள் அறை. எழுதிக் கொடுத்தது வைத்தியர். "என் தம்பி ஒருத்தன், என் போனைப் பூட்டுறதுக்குன்னே பொறந்திருக்கான்" என்று அக்கா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அம்மாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை என்று முடிவானது. இரண்டு பேரும் சாயங்கால ரயிலில் கிளம்பினால் மறுநாள் அறுவைக்கு முன் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று டிக்கெட் எடுத்திருந்தார்கள். கிளம்ப வேண்டிய அன்று காலை சித்தி போன் பண்ணினார். நிலைமை சரியில்லை, மதியமே உள்ளே கொண்டுபோகிறோம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்களாம். உள்ளே போகும் முன் கொஞ்ச நேரம் வீடியோவில் பேசலாம், மருத்துவமனைப் பலகைக் கணினியிலிருந்து நர்ஸே கூப்பிடுவார்.

அக்கா அப்போதே எங்கள் அறைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"மேடம் கிட்ட கேட்டுட்டேன்டா. எங்க மாடி கண்ணாடி ரூம்ல உக்காந்து பேசிக்கோன்னு சொல்லிட்டாங்க. பெரிய ஸ்கிரீனா இருந்தா நல்லது. போன்ல ரெண்டு பேரும் தலைய நீட்டினா அம்மாவுக்கு உன் காது மட்டும்தான் தெரியும்."

"உன் மெஷின்ல கேமரா மங்கலா இருக்குமே."

"அதுக்குத்தான் உன்கிட்ட வந்தேன்."

அவன் கணினிகளை வைத்துக் கொடுக்கிற ஸ்டோர்காரருக்குப் போன் பண்ணி, அக்காவுக்கு நல்ல கேமரா உள்ள ஒரு மடிக்கணினி கொடுங்கள் என்றான். "இதோ கொடுத்துடுறேன் தம்பி" என்றார் அவர். ஸ்டோர்காரருக்கு அக்கா மேல் தனிப் பிரியம். அவர் பெண்ணின் பிரசவச் செலவுக் கோரிக்கை எங்கேயோ சிக்கிக்கொண்டபோது நடையாய் நடந்து வாங்கிக் கொடுத்தவர் அக்கா.

"அம்மா லைன்ல வந்ததும் உன் டேபிள் போனுக்கு அடிக்கிறேன், ஓடி வந்துடு" என்று சொல்லிவிட்டு அக்கா மேலே போனார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில்தான் ஆரம்பித்தது. மூன்றாவது மாடியில் ஒரு கணினி, யாரும் கேட்காமலே கோப்புகளைக் கட்டுக்கட்டாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. வைத்தியர் கேள்வி கேட்டான். யார் பெயரில் திறந்திருக்கிறது? ஸ்டோர். இன்னொரு கணினியைக் கேட்டான். அதிலும் ஸ்டோர். புதுக் கணினிகளைத் தயார் செய்ய ஸ்டோரில் ஒரு பொதுப் பெயரும் கடவுச்சொல்லும் வைத்திருப்பார்கள். அது திருடன் கையில் கிடைத்துவிட்டது, அதைச் சாவியாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணினியாகத் திறந்துகொண்டு போகிறான்.

மேல்மாடி என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஜனங்களின் நோய்க் கோப்புகள் வெளியே போனால் நிறுவனம் தெருவுக்கு வந்துவிடும், நாங்களும் கூடவே. வைத்தியர் மட்டும் பதறவில்லை. நடுவில் அவன் மேசைத் தொலைபேசி அடித்தது. அக்கா.

"வந்துட்டாங்களா? நீ பேசிட்டே இரு அக்கா. இங்க ஒரு திருட்டுப்பய உள்ள பூந்துட்டான். துரத்திட்டு ஓடி வந்துடுறேன். அம்மாகிட்ட சொல்லு."

போனை வைத்ததும் முதல் காரியமாக அக்காவின் கணினியைத்தான் கேட்டான். அதில் திருடன் இல்லை, சுத்தமாக இருந்தது. அவன் மூச்சு விட்டதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். ஸ்டோர்காரர் கொடுத்த மடிக்கணினி எங்கள் திரையில் அக்காவின் பெயரில்தான் வரும் என்று அவன் நினைத்திருந்தான். இரவல் வாங்குகிறவர் பெயரில் திறந்து கொடுப்பதுதான் முறை. உண்மையில் அவன் கேட்டது மேசையில் சும்மா கிடந்த அக்காவின் பழைய கணினியை.

பிறகு, ஸ்டோர் பெயரில் திறந்திருக்கும் எல்லாக் கணினிகளும் பதில் சொல்லுங்கள் என்று கட்டடம் முழுக்கக் கேட்டான். பதில்கள் வந்தன. அதில் ஒன்றைப் பார்த்ததும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"தூதரே, இங்க பாருங்க. இது ஸ்டோர் அலமாரில தூங்க வேண்டிய மெஷின். முழிச்சிட்டு உக்காந்திருக்கு. ஸ்டோர் பேர்ல திறந்திருக்கு. கேமரா ஓடுது, மைக் ஓடுது. வெளிய நமக்குத் தெரியாத ஏதோ ஒரு முகவரியோட விடாம பேசிட்டிருக்கு."

"அப்படின்னா?"

"உள்ள உக்காந்து வேவு பாக்குறான். எல்லாத்துக்கும் இதுதான் தாய் வீடா இருக்கும்."

அந்த வார்த்தையைத்தான் சொன்னான். தாய் வீடு. எங்கள் தொழிலில் திருடன் எங்கிருந்து கிளம்புகிறானோ அதைச் சும்மா வாய்வார்த்தைக்கு அப்படிச் சொல்வோம். சொல்லிவிட்டு அந்தக் கணினியை முதலில் துண்டித்தான், மற்றவற்றைப் பிறகு. கோப்புகள் வெளியே போவது நின்றது. அறையில் இருந்தவர்கள் அவன் முதுகில் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

"மேல போய்ச் சொல்லிடுங்க" என்று எழுந்தான். "நான் அஞ்சாவது மாடில இறங்கிக்கிறேன். அம்மா இன்னும் லைன்ல இருப்பாங்க. திருடனைப் பிடிச்சேன்னு சொன்னா ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லுவாங்க, ஆபரேஷனாவது ஒண்ணாவது."

லிஃப்டில் தலையைக் கையால் கோதிக்கொண்டான். அம்மா முடியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்றான். நான் மேலே போகாமல் அவனோடு ஐந்தாவது மாடியில் இறங்கினேன். அந்த அம்மாவுக்கு ஒரு வணக்கம் சொல்லலாம் என்ற ஆசை.

கண்ணாடி அறையின் கதவு திறந்து கிடந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒன்று பின்னால் தள்ளப்பட்டு, கோணலாக நின்றது. மேசையில் மடிக்கணினி. திரையில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம். 'பாதுகாப்புக் காரணத்துக்காக இந்தக் கணினி துண்டிக்கப்பட்டுள்ளது. பதற வேண்டாம், சிறிது நேரம் பொறுத்திருக்கவும்.' துண்டிக்கப்பட்ட கணினியில் தானாக வரும் வாசகம் அது. பொறுத்திருக்கவும் என்று மரியாதையாக இருக்கட்டும் என்று வைத்தியர்தான் எழுதியிருந்தான். மூடியின் ஓரத்தில் ஸ்டோர் ஒட்டுச்சீட்டு இருந்தது.

அவன் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் புரிய கொஞ்சம் நேரம் ஆனது, அவனுக்கு ஆகவில்லை. அங்கிருந்த மேசைத் தொலைபேசியை எடுத்து எங்கள் அறைக்கு அடித்து, கணினியின் பெயரைச் சொல்லி, "இதை விட்டுடு, உடனே விட்டுடு" என்றான். குரல் அப்போதும் உயரவில்லை. ஆனால் போனை அதன் இடத்தில் வைக்க அவனால் முடியவில்லை. நான் வாங்கி வைத்தேன்.

வாசகம் மறைந்தது. வீடியோ தானாகவே மறுபடி இணையப் பார்த்துச் சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் இரண்டாவது நாற்காலியில், அவனுக்காகப் போட்டிருந்ததில், உட்கார்ந்தான். இணைந்துவிட்டது. எதிர்ப்பக்கம் வெள்ளைக் கூரையும் ஒரு குழல்விளக்கும் தெரிந்தன. பலகைக் கணினியை யாரோ மல்லாக்க வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"அம்மா" என்றான். "அம்மா, நான் வந்துட்டேன்."

கூரைதான் இருந்தது. இன்னும் ஒருமுறை கூப்பிட்டான். பிறகு ஒரு நர்ஸின் முகம் மேலிருந்து குனிந்து வந்தது.

"நீங்க அவங்க பையனா? இப்பதான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க. எவ்வளவோ நேரம் பாத்தாங்க. லைன் வரவே இல்ல."

அக்கா அப்போதுதான் படியேறி ஓடி வந்தார். கையில் பெட்டியிலிருந்து எடுத்த கைப்பேசி. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் ஐந்து மாடியும் இறங்கி ஏறியிருக்கிறார். மூச்சு வாங்கியது. தம்பியின் முகத்தைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கணினி ஏன் நின்றது, யார் நிறுத்தியது என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. அவன் முகமே சொல்லிவிட்டது என்று நினைக்கிறேன்.

"பேசி முடிச்சிட்டோம்டா" என்றார், மூச்சு இன்னும் அடங்காமல். "எல்லாம் பேசியாச்சு. அதுக்கப்புறம்தான் லைன் கட் ஆச்சு. வேலைய முடிச்சிட்டு வருவான்னு சொன்னேன், சரின்னு சொன்னாங்க. நீ ஒண்ணும் நினைச்சுக்காத."

அவன் தலையாட்டினான். கேள்வி கேட்ட நேரத்தில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது, மைக் ஓடிக்கொண்டிருந்தது. பேசி முடித்தவர்கள் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். துண்டித்தவனே அவன்தான். அக்கா சொல்வது பொய் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் உலகத்தில் யாருமில்லை. இருந்தாலும் தலையாட்டினான்.

அம்மா அறுவைக் கூடத்திலிருந்து திரும்பி வரவில்லை. ரயில் கிளம்பும் முன்பே சித்தி போன் பண்ணிவிட்டார். அந்த ரயிலில்தான் இரண்டு பேரும் போனார்கள்.

அவர்கள் ஊரில் இல்லாத நாட்களில் மேல்மாடி எங்கள் அறையைப் பாராட்டிக் கேக் அனுப்பியது. திருடனை விரட்டியதற்கு. அதில் வைத்தியரின் வேலையைத் தனியாகக் குறிப்பிட்டு நாலு வரி நல்ல வார்த்தை வேறு. அந்தக் கேக்கை நான் பிரிக்காமலே குப்பையில் போட்டேன். கேட்டவர்களிடம் கெட்டுப்போயிருந்தது என்றேன்.

அவன் திரும்பி வந்த அன்று ஸ்டோர்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வர அவருக்குக் கால் எழவில்லை. அக்கா பெயரில் புதிதாகத் திறக்க நேரமாகும், பாவம் அவசரத்தில் இருக்கிறாரே, அரை நாளுக்குத்தானே என்று ஸ்டோர் பெயரிலேயே திறந்து கொடுத்திருக்கிறார். சொல்ல ஆரம்பித்தவர் அழுதுவிட்டார். வைத்தியர் எழுந்து போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். "நீங்க நல்லதுதானே பண்ணீங்க அண்ணே" என்றான். அவர் போனதும் திரும்பி வந்து உட்கார்ந்து, எதுவும் தட்டாமல், விசைப்பலகையின் மேல் அந்த இரண்டு விரலை வைத்துக்கொண்டே இருந்தான். திட்டியிருக்கலாம். யாரையாவது ஒருவரைத் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவனுக்கு அந்த வழியும் தெரியவில்லை.

அவன் கொண்டுவந்த மாற்றம் ஒன்றே ஒன்று. இப்போதெல்லாம் ஒரு கணினியைத் துண்டிக்கும் முன் எங்களில் ஒருவர் அந்த மாடிக்கு ஓடிப்போய், நாற்காலியில் யார் இருக்கிறார்கள் என்று கண்ணால் பார்க்க வேண்டும். இதில் நேரம் போகிறது, திருடன் தப்பிவிடுவான் என்று மேல்மாடி கத்தியது. அன்று முதல்முறையாக நான் திருப்பிக் கத்தினேன். தூதர் கத்தி அவர்கள் பார்த்ததில்லை, அடங்கிவிட்டார்கள்.

அக்கா மதியச் சாப்பாட்டுக்கு அவனோடுதான் உட்காருகிறார். எப்போதாவது பேச்சு அம்மாவைத் தொட்டுவிட்டால், பேசி முடித்துவிட்டோம் என்பதை மறுபடி ஒருமுறை சொல்வார். அவனும் மறுபடி ஒருமுறை தலையாட்டுவான். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் மாடிப்படியில் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்றார். அவனிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அம்மாவின் சாமான்களை வாங்கப் போனபோது அந்த நர்ஸ் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை அக்கா எனக்குச் சொன்னார்.

"தம்பி வந்துட்டே இருக்கான்மான்னு சொல்லிட்டிருந்தேன். அப்படியே நின்னுபோச்சு. அவங்க பக்கம் என் மூஞ்சி அசையாம நின்னிருக்கு. படுக்கையைத் தள்ள ஆளுங்க வந்துட்டாங்களாம். அம்மா விடலையாம். பலகையை ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டாங்களாம். சிரிச்சிட்டே சொன்னாங்களாம்." அக்கா என் கையை விடவே இல்லை. "கொஞ்சம் இருங்க, என் பையன் இதுலதான் வேலை பாக்குறான். இப்ப உள்ள வந்து சரி பண்ணிடுவான், பாருங்கன்னு."

தள்ளிக்கொண்டு போகும்போதும் அதையே சொல்லிக்கொண்டு போனாராம்.

சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். அவன் பக்கத்து நாற்காலியில்தான் இன்னமும் நான். போன் அடிக்கும். எந்த மாடியிலோ யாருக்கோ திரை நின்றுபோயிருக்கும். அவன் முழுக்கக் கேட்பான். பிறகு அதே குரலில், "கொஞ்சம் இருங்க, இப்ப சரி பண்ணிடுறேன்" என்பான்.

நான் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி எழுந்து வெளியே போய்விடுவேன்.